முன்னதாகப் பூக்கும் மலைச் சாக்சிஃப்ரேகா: ஒரே இனத்துக்குள் இத்தனை மாறுபாடா?

மெத்தைபோல அடர்ந்து வளரும் மலைச் சாக்சிஃப்ரேகா இனங்களில் ஒன்று பர்சேரியானா. விதைபோட்டு வளர்த்த அது பூத்ததும், அந்த ஒரு செடியை வைத்து இனத்தையே எடை போட்டுவிடாதீர்கள். கிழக்கு ஆல்ப்ஸ் மலையின் சுண்ணாம்புப் பாறையில் வளரும் இனம் இது. ஒரே விதைப்பில் வந்த பத்துச் செடிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அடுத்ததில் இடைவெளி விட்டு நிற்கும். காம்பின் சிவப்பும் இலையின் சாம்பல் பூச்சும்கூட செடிக்குச் செடி வேறு. பெரிய பூவுள்ள 'குளோரியா', இதழோரம் வெட்டுவெட்டாக உள்ள 'கிரெனாட்டா' எல்லாம் இப்படிப் பொறுக்கி எடுத்தவைதான். அவற்றை விதையால் காப்பாற்ற முடியாது, போத்துதான் வழி. பூ முடிந்த சில வாரங்களில் ஒற்றை இலைக்கொத்தை அரை அங்குலக் காம்போடு கிள்ளி, அடியிலைகளை நீக்கி, ஈர மணலில் நட்டு நிழலில் வையுங்கள். காற்றுப் புகாமல் மூடினால் சாம்பல் பூஞ்சை பிடித்து அழுகும்.

* * *

விதை எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பக்கத்தில் மார்ஜினேட்டா என்ற இன்னொரு சாக்சிஃப்ரேகா பூத்திருந்தால் கிடைப்பது கலப்பினமாகத்தான் இருக்கும். இந்தக் கூட்டம் அவ்வளவு எளிதாகக் கலக்கும். மஞ்சளாகப் பூக்கும் அப்பிகுலாட்டாவே மார்ஜினேட்டாவும் சாங்டா என்ற வேறோர் இனமும் சேர்ந்து பிறந்ததுதானே. செடியை வலைக்குள் வைத்து, மெல்லிய தூரிகையால் நீங்களே மகரந்தம் சேர்த்துவிடுங்கள். புதிதாக விரிந்த பூவில் மகரந்தம் மட்டும்தான் தயாராக இருக்கும். சில நாள் கழித்துத்தான் நடுவிலுள்ள இரண்டு சூல்தண்டுகள் கொம்புபோல விலகி நிற்கும். இளம் பூவின் மகரந்தத்தை அந்தக் கொம்பு நுனியில் தடவவேண்டும். விதை தூள்போல இருக்கும். மண் போட்டு மூடாமல் மேலே தூவி, குளிர்காலம் முழுக்க வெளியிலேயே விடுங்கள்.

* * *

கண்ணில் படுகிற வேறுபாடெல்லாம் பிறவியிலேயே வந்ததல்ல. ஆப்போசிட்டிஃபோலியா என்ற சாக்சிஃப்ரேகாவையே எடுத்துக்கொள்வோம். சுவிட்சர்லாந்தின் டோம் சிகரத்தில் சுமார் 4,500 மீட்டர் உயரத்திலும் இருக்கிறது, ஆர்க்டிக்கிலும் இருக்கிறது. ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் ஈரமான இடத்தில் தரையோடு படர்கிறது. காய்ந்த மேட்டில் மெத்தையாகக் குவிகிறது. தொட்டியில் இந்த வித்தியாசத்துக்கு வெளிச்சக் குறைவும் உரமிகுதியும்கூடக் காரணமாகலாம். இரண்டாலுமே மெத்தை தளர்ந்துவிடும். அதனால் புதிய வடிவம் என்று பெயர் வைக்குமுன், வேறுபட்டுத் தெரியும் இரண்டு செடிகளிலும் போத்து எடுத்து ஒரே கலவையில், ஒரே வெளிச்சத்தில் இரண்டு வருடம் வளர்த்துப் பாருங்கள். வித்தியாசம் அப்போதும் நிலைத்தால்தான் அதை நம்பலாம்.

* * *

தொட்டிக் கலவை: மண் ஒரு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு, பொடிச் சரளை இரண்டு பங்கு. மெத்தையின் கழுத்துவரை சரளை பரப்புங்கள்.

பூ வராமல் போவதற்குப் பெரும்பாலும் முந்தைய கோடையின் வறட்சிதான் காரணம். அடுத்த வசந்தத்தின் மொட்டு, கோடை முடியும்போதே இலைக்கொத்தின் நடுவில் கடுகளவு உருண்டையாகத் திரண்டுவிடும். அந்த வாரங்களில் வேர் காயவே கூடாது. தொட்டியை ஈர மணலில் புதைத்து வைத்தால் அடியிலிருந்தே ஈரம் ஏறும். மெத்தையின் ஒரு பக்கம் மட்டும் பழுப்பாகக் கருகினால் உச்சி வெயில் என்று அர்த்தம். நண்பகலில் நிழல் கொடுங்கள். இலையோரத்து வெள்ளைப் புள்ளிகளை நோய் என்று சுரண்டிவிடாதீர்கள், இலையே கசியவிடும் சுண்ணாம்பு அது.