பானையோட்டில் பெயர் கீறி ஊரை விட்டு அனுப்பியதற்கு என்ன சொல்?

> பண்டைய ஏதென்ஸ் வரலாறு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ‘ஆஸ்ட்ரசிசம்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘நாடு கடத்தல்’ என்று போட்டுவிடலாமா? ‘ஊர்விலக்கம்’ நன்றாக இருக்குமா?

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் வேண்டாம். நாடு கடத்தல் தலையில் ஏற்கெனவே ஏகப்பட்ட சுமை. விசா முடிந்தவரை விமானம் ஏற்றுவதும் அதுதான். வெளிநாட்டில் பிடிபட்டவரை இங்கே கொண்டுவருவதும் அதுதான். 1802இல் மருது சகோதரர்களோடு நின்ற 73 பேரைக் கும்பினியார் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பியதும் அதுவேதான். (அந்தக் கடைசி வகைக்கு ‘தீவாந்தர சிட்சை’ என்று அருமையான பழைய சொல் இருந்தது. தொலைத்துவிட்டோம்.)

ஏதென்ஸில் நடந்தது தண்டனையே இல்லை என்று கூட வாதாடலாம். குற்றச்சாட்டு கிடையாது, விசாரணை கிடையாது, சிறையும் கிடையாது. ஆண்டுக்கொரு முறை மக்கள் அவையில் ‘இந்த வருடம் வைத்துக்கொள்ளலாமா’ என்று கேட்பார்கள். சரி என்றால் இரண்டு மாதம் கழித்துச் சந்தைவெளியில் கூடி, உடைந்த பானையோட்டில் ஆளுக்கொரு பெயரைக் கீறிப் போடுவார்கள். 6000 ஓடு சேர்ந்துவிட்டால், யார் பெயர் அதிகமோ அவர் 10 நாளில் கிளம்ப வேண்டும். திரும்பி வர 10 ஆண்டு. வீடு, நிலம், குடியுரிமை எல்லாம் அப்படியே இருக்கும். ஓட்டால் போனாரே தவிர ஓட்டாண்டி ஆகவில்லை.

நம் ஊர்விலக்கம் இதற்கு நேர் எதிர். ஆள் ஊரிலேயேதான் இருப்பார். கிணற்றில் தண்ணீர் கிடையாது, கடையில் சாமான் கிடையாது, நல்லது கெட்டதுக்கு யாரும் வாசல் மிதிக்க மாட்டார்கள். செய்தித்தாள்கள் இன்று புழங்கும் பொருளுக்கு ஊர்விலக்கம் பொருந்தும். அதை அங்கேயே விடுங்கள்.

இனி ஓட்டுக்கு வருகிறேன். கிரேக்கத்தில் ‘ஆஸ்ட்ரகான்’ என்றால் உடைந்த பானைத்துண்டு. சிப்பி, ஆமை ஆகியவற்றின் மேலோடும் அதுவே. தமிழில் பாருங்கள்: பானையோடு, ஆமையோடு, நண்டோடு. அந்தச் சொல்லின் வீச்சு அப்படியே நம்மிடம் கிடக்கிறது. போதாததற்கு ‘ஓடு!’ என்றால் போய்விடு என்றும் ஆகிறது. இவ்வளவு வாகாக ஒரு சொல் கையில் இருக்கும்போது வேறு சொல் எதற்கு?

ஆனால் ‘ஓட்டுவிலக்கு’ என்று வைத்தால் கெட்டது. வரிவிலக்கு மாதிரி, வாக்களிப்பதிலிருந்து விலக்கு என்று படிப்பார்கள். ‘பெயரோடு’ என்றால் பெயருடன் என்று ஆகிவிடும். ஆகவே வினைத்தொகையாக, அந்தத் துண்டுக்குக் ‘கீறோடு’. முறைக்குக் ‘கீறோட்டு விலக்கம்’. கீழடிப் பானையோடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர் கீறியிருந்ததைப் பார்த்தவர்களுக்குக் காட்சி உடனே பிடிபடும்.

* * *

தம்பி, உங்கள் பதிலைப் படித்தேன். சொல் நன்றாக இருக்கிறது. எனக்கு ஒரே ஒரு நெருடல். கீறோடு என்றால் ஒவ்வொரு குடிமகனும் உட்கார்ந்து தானே கீறினான் என்ற படம் வருகிறது. ஏதென்ஸின் கோட்டைக்குன்றான அக்ரோபொலிஸ் வடசரிவில் ஒரு கிணற்றில், அந்நகரத் தலைவர் தெமிஸ்தோக்ளிஸ் பெயர் போட்ட 190 துண்டுகள் கிடைத்தன. பெரும்பாலும் கிண்ணத்து அடிப்பாகங்கள், கைக்கு அடக்கமாக. கையெழுத்தைப் பார்த்தால் 14 பேர்தான் அத்தனையும் எழுதியிருக்கிறார்கள். நம்மூர் பூத் சிலிப் மாதிரி எழுதித் தயாராக வைத்திருந்திருக்கிறார்கள்! மையால் எழுதிய துண்டுகளும் உண்டு. கீறு என்பதை விட்டுவிட்டு ‘ஓடிட்டு விலக்கல்’ என்று ஏன் வைக்கக்கூடாது?

* * *

ஐயா, மையால் எழுதியவை கொஞ்சம்தான். கீறியது யார் கை என்று அந்தச் சொல் சொல்லவும் இல்லையே. பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்லும் கதையில், எழுதத் தெரியாத ஒருவன், இன்னார் என்று தெரியாமல் ஏதென்ஸ் தலைவர் அரிஸ்டைடீஸிடமே ஓட்டை நீட்டி, ‘அரிஸ்டைடீஸ் என்று எழுதிக் கொடு’ என்கிறான். அவர் உனக்கு என்ன செய்தார் என்று கேட்டால், ‘ஒன்றுமில்லை, ஆளையே தெரியாது. எங்கே போனாலும் நேர்மையாளர், நேர்மையாளர் என்று கேட்டு அலுத்துவிட்டது’ என்கிறான். அவரும் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார். அதுவும் கீறோடுதான். ‘ஓடிட்டு’ என்றால் சென்னைக்காரர்கள் ‘ஓடிவிட்டு’ என்று படிப்பார்கள், அதுதான் என் பயம்.

* * *

இருவருக்கும் நன்றி. ‘கீறோட்டு விலக்கம்’ என்றே சொற்பட்டியலில் ஏற்றிவிட்டேன். அடுத்த அத்தியாயத்தில் இன்னொரு தலைவலி. சிசிலித் தீவின் கிரேக்க நகரமான சைரக்யூஸில் இதையே ஒலிவ இலையில் எழுதிச் செய்தார்களாம், 10 ஆண்டு அல்ல, 5 ஆண்டு. ‘பெட்டலிசம்’ என்று பெயர். ‘ஓலைவிலக்கம்’ என்றால் உத்திரமேரூர்க் குடவோலை ஞாபகம் வருகிறது. அங்கே ஓலை ஆளை உள்ளே கொண்டுவந்தது, இங்கே வெளியே தள்ளுகிறது. ‘இலைவிலக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன். வீட்டில் படித்துவிட்டு, ‘என்ன, பந்தியில் இலை போடாமல் எழுப்பிவிட்டார்களா?’ என்று கேட்கிறார்கள்.