புதுப்பிப்பு: அல்சூர் வகுப்புக்கு கம்பெனி நிதி கிடைத்துவிட்டது

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு பெங்களூரு அல்சூரில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு கம்பெனிகள் ஏன் பணம் தர மறுக்கின்றன என்று போன வருஷம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது 'சி.எஸ்.ஆர்-1 படிவம் போட்டீர்களா?' என்ற ஒற்றை வரிதான். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்) நிதியைப் பெற அமைப்புகள் அரசிடம் பதிவு செய்யும் படிவம் அது. எங்கள் அறக்கட்டளைக்கு 12ஏ, 80ஜி என்ற வருமான வரிச் சலுகைப் பதிவுகள் இருந்தன. 2021 ஏப்ரலில் கட்டாயமான இந்த சி.எஸ்.ஆர்-1 பதிவுதான் இல்லை. ஆடிட்டர் சான்றோடு இணையத்தில் சமர்ப்பித்ததுமே பதிவு எண் வந்துவிட்டது. அலைச்சல் டிஜிட்டல் கையெழுத்து வாங்கத்தான்.

எதிர்பாராதது ஒன்று: கம்பெனியிலிருந்து பார்வையிட வந்தவர் கணக்கைப் புரட்டவில்லை, டேப்பை எடுத்து கழிப்பறைக் கதவை அளந்தார். 26 அங்குலம். சக்கர நாற்காலி நுழையாது. இத்தனை நாளும் அம்மாக்கள் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்களுக்கு உறைக்கவே இல்லை. முதல் தவணை அந்தக் கதவுக்கே போனது. 9 பிள்ளைகள் இருந்தார்கள், இப்போது 17.