கற்பனைக் கட்டடத்தில் கூரைச் சரிவு தவறுகிறது: பயிற்சி முறை தேவை

தக்கலையில் டிஜிட்டல் ஓவிய மாணவர்களுக்கு ஜூன் முதல் கட்டட வரைபடம் கற்பிக்கிறேன். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளும் பேனா டேப்லெட்டும் பயன்படுத்துகிறோம். பத்மநாபபுரம் அரண்மனையை (தமிழ்நாட்டில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது) நேரில் பார்த்து வரையும்போது ஓட்டுக்கூரை சரியாகவே வருகிறது. ஆனால், மனத்திலிருந்து ஒரு மாளிகையை வடிவமைக்கச் சொன்னால், சுவரின் கிடைக்கோடுகளைப் போலவே கூரைச் சரிவையும் கண்மட்டக் கோட்டிலுள்ள மறையும் புள்ளிக்கே (விலகிச் செல்லும் இணைகோடுகள் சந்திப்பதுபோல் தோன்றும் இடம்) இழுத்துவிடுவதால், கூரை பலகைபோல் படுத்துவிடுகிறது.

விலகி மேலேறும் சரிவின் மறையும் புள்ளி, சுவரின் மறையும் புள்ளிக்கு நேர்மேலே அமையும் என்பதைத் தாளில் அளவுகோல் வைத்துக் காட்டினேன். அன்றைய பயிற்சியோடு மறந்துபோகிறது. கிரிட்டாவின் பெர்ஸ்பெக்டிவ் (தொலைவுத் தோற்ற) வழிகாட்டிக் கோடுகளை அணைத்ததும் பழைய பிழை திரும்புகிறது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்த மாதிரியின் மேல் வரையவிட்டபோது கோணம் சரியானது, ஆனால் எல்லா மாளிகைகளும் ஒரே பெட்டியாகிவிட்டன. கற்பனைக்கு அது உதவாது என்பதே என் கருத்து.

வழிகாட்டிக் கோடுகள் இல்லாமலே சாய்கூரையைக் கற்பனையில் சரியாக அமைக்க, எந்தப் பயிற்சிகளை எந்த வரிசையில் கொடுக்கலாம்?