பொங்கல் கணக்கெடுப்பு: எண்ண வருகிறீர்களா, பட்டியலை நீட்ட வருகிறீர்களா?

கண்மாய்க்காரன்:
பொங்கல் விடுமுறையில் அவரவர் இடத்தில் பறவைகளை எண்ணிப் பதிவு செய்யும், 2015-இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு மறுபடி நெருங்குகிறது. இந்த முறை எங்கள் குழுவில் ஒரே நிபந்தனை: வாழ்நாள் பட்டியல் பேச்சு, அதாவது இதுவரை எத்தனை இனம் பார்த்தாய் என்கிற பேச்சு, வேண்டாம். போன தடவை கண்மாய் நிறைய நாமக்கோழி. தோப்புக்குள் ஆறுமணிக்குருவி கூப்பிடுகிறது என்று யாரோ சொன்னதும் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். திரும்பி வந்து நாமக்கோழிக்கு எண்ணிக்கைக்குப் பதில் 'எக்ஸ்' போட்டார்கள். பறவை இருந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் தெரியாது. பத்தா, ஐந்நூறா?

பஞ்சுருட்டான்:
அண்ணே, அந்தப் பாதிப் பேர் வந்ததே பட்டியல் ஆசையில்தான். நாமக்கோழிக்காக யார் இருட்டோடு எழுந்து வருவார்கள்? பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான ஈபேர்டில் பார்த்ததை ஏற்றினால் வாழ்நாள் பட்டியல் தானாகச் சேர்ந்துகொள்கிறது. 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது, 30,000 பேர் ஏற்றிய சுமார் 3 கோடிப் பதிவுகளை வைத்து. அதில் 'லைஃபர்' (வாழ்நாளில் முதன்முறை பார்க்கும் இனம்) பைத்தியங்களின் பங்கு கொஞ்சமா? நானும் அந்தப் பைத்தியம்தான்.

கண்மாய்க்காரன்:
வரட்டும் தம்பி. வந்தவர் எதை விட்டுவிடுகிறார் என்பதுதான் என் கேள்வி. அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் விடாமல் எழுதிய முழுப் பட்டியல்களில் நூற்றுக்கு எத்தனையில் ஒரு பறவை இருக்கிறது என்று பார்த்துத்தான் அது கூடுகிறதா, குறைகிறதா என்று சொல்கிறார்கள். 'காக்காதானே' என்று விட்டுவிட்டு முழுப் பட்டியல் என்று டிக் அடித்தால், ஊரில் காக்கை குறைந்துவிட்டது என்றுதான் கணக்கு வரும்.

வாத்தியார்:
எனக்கு உங்கள் இரண்டு பேர் மேலும் வருத்தம். 15 நிமிடமும் ஒரு மொட்டை மாடியும் போதும் என்கிறபோது, ஏன் எல்லோரும் வேடந்தாங்கலுக்கும் கூந்தன்குளத்துக்கும் ஓடுகிறீர்கள்? விடுமுறையிலும் எங்கள் பிள்ளைகள் பள்ளித் திடலில் நின்று எண்ணினார்கள். மின்கம்பியில் வரிசையாகத் தகைவிலான்கள். எண்ணுவதற்காக அவற்றைப் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒருத்தி கழுகு என்றாள், இன்னொருத்தி பருந்து என்றாள். சண்டை முற்றி, கரும்பருந்தின் வால் நுனி உள்வாங்கி இருப்பதை அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். பட்டியல் போட்டி எதுவும் அங்கே இல்லை.

பஞ்சுருட்டான்:
அந்தச் சண்டையைத்தான் சார் நான் எனக்குள்ளேயே போட்டுக்கொள்கிறேன். ஒன்றுபோலவே இருக்கும் உள்ளான் என்கிற கரைப்பறவைகளைப் பிரித்தறிய உட்கார்ந்த மாதிரி பரீட்சைக்குக்கூட உட்கார்ந்ததில்லை. ஆசை இல்லாதவர் 'ஏதோ உள்ளான்' என்று எழுதிவிட்டுப் போவார்.

கண்மாய்க்காரன்:
மெர்லின் செயலி ஒலியைக் கேட்டுச் சொன்ன பெயரைத் தலையைத் தூக்கிப் பார்க்காமலே ஏற்றுகிறவர்களும் அதே ஆசைக்காரர்கள்தான்! சரி, இறங்கி வருகிறேன். எண்ணி முடிக்கும்வரை யாரும் கரையை விட்டு நகரக் கூடாது. அப்புறம் தோப்புக்குப் போங்கள். ஆனால் ஸ்பீக்கரில் குரலைப் போட்டு ஆறுமணிக்குருவியை வெளியே இழுக்கிற வேலை வேண்டாம். வலசை வந்த இடத்தில் இரை தேடுவதை விட்டு, இல்லாத எதிரிக்குப் பதில் கூவிக்கொண்டிருக்க வேண்டுமா அது?

பஞ்சுருட்டான்:
ஸ்பீக்கர் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். கரை விஷயத்தில் இல்லை. ஆறுமணிக்குருவி விடியலில் கொஞ்ச நேரம்தான் கூப்பிடும். நீங்கள் எண்ணி முடிப்பதற்குள் வாயை மூடிக்கொள்ளும். இரண்டு பேரைத் தோப்புக்கு அனுப்புங்கள், தனிப் பட்டியல் போடட்டும். நாமக்கோழி பத்து மணிக்கும் அங்கேயேதான் கிடக்கும்.