வருஷக்கணக்கு கழிச்சு காலேஜ் ஃப்ரெண்டைப் பிடிச்சவங்க, அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் சொல்லுங்க

#1

மூணு வாரமா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, இங்க கொட்டிடுறேன். ஹாஸ்டல்ல 3 வருஷம் ஒரே ரூம். 2007-ல முடிச்சோம். சண்டை எதுவும் இல்ல, சும்மா விட்டுப்போச்சு. அது எப்படின்னு உங்களுக்கே தெரியும். ஃபேஸ்புக்குக்கு முன்னாடி நாமெல்லாம் கிடந்த ஆர்குட்ல அவன் எனக்கு எழுதின டெஸ்டிமோனியல்தான் கடைசி சாட்சி. 2014-ல அந்தக் கடையையே மூடிட்டாங்க. போன மாசம் ஒருத்தன் மூலமா நம்பர் கிடைச்சுது. கூப்பிட்டேன், பேரைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு மூச்சு. அப்புறம், "ஓ... சொல்லுங்க, எப்படி இருக்கீங்க?"

"ங்க"வாம்! என் சட்டையை என்னைக் கேட்காமலே போட்டுக்கிட்டு இன்டர்வியூவுக்குப் போனவன் அவன். அதைவிடக் கொடுமை, என் வாயும் தானா "நல்லா இருக்கேங்க, நீங்க?"ன்னு சொல்லிடுச்சு. அங்கேயே முடிஞ்சுது. மீதி 11 நிமிஷமும் பேங்க் கவுன்ட்டர்ல நிக்கிற மாதிரி பேசிக்கிட்டோம். நான் ஒரு "டேய்" போட்டிருந்தா இறங்கி வந்திருப்பானா?

#2

என் கதை வேற மாதிரி. மூணாவது வருஷம் என் தோழிக்கு மஞ்சள் காமாலை முத்திப்போய் ஆஸ்பத்திரியில சேர்த்தோம். 16 வருஷம் கழிச்சு இப்பதான் அவளை நேர்ல பார்த்தேன். கட்டிப்பிடிச்சா, அழுதா. "அன்னிக்கு ராத்திரி முழுக்க ட்ரிப்ஸ் பாட்டிலையே பார்த்துக்கிட்டு பக்கத்துல உட்கார்ந்திருந்தியே, என் கையை விடவே இல்லையேடி"ன்னா.

அது நான் இல்ல. எனக்கு மறுநாள் இன்டர்னல். எட்டு மணிக்கே ஹாஸ்டலுக்குத் திரும்பிட்டேன். உட்கார்ந்தது எங்க கூட இருந்த இன்னொருத்தி. அவ இப்ப எங்க இருக்கான்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். அவ என் கையை எடுத்துத் தன் கன்னத்துல வெச்சுக்கிட்டா. மூடிக்கிட்டேன்.

#3

முதல்ல எழுதினவரே, அவன் ஸ்பீக்கர்ல போட்டிருப்பான், பக்கத்துல மேனேஜர் உட்கார்ந்திருப்பார். ஒரு "ங்க"வுக்கு மூணு வாரம் அதிகம். எனக்குக் கோபம் ரெண்டாவதா எழுதினவங்க மேலதான். விடிய விடிய உட்கார்ந்தவளுக்குச் சேர வேண்டியதை நீங்க வாங்கி வெச்சிருக்கீங்க. "அது நான் இல்லடி, அவ", இவ்வளவுதான். சொல்லிடுங்க.

பெரிய யோக்கியன் மாதிரி பேசுறேன், என் லட்சணத்தையும் கேளுங்க. 19 வருஷம் கழிச்சு அவனே கூப்பிட்டான். பழைய ஆள் திடீர்னு கூப்பிட்டா என்ன தோணும்? கடன் கேட்பான், இல்லன்னா பாலிசி எடுக்கச் சொல்வான். அதனால நானே முந்திக்கிட்டேன். வீட்டு லோன், பசங்க ஃபீஸ், மாசக் கடைசியில கையில ஒண்ணும் நிக்கிறதில்லன்னு ஒரே புலம்பல். பாதி பொய். அவன் குறுக்கே பேசாம கேட்டான். கடைசியில மெதுவா, "என்கிட்ட கொஞ்சம் இருக்குடா, அனுப்பட்டுமா? அவசரமில்ல, எப்ப முடியுதோ அப்ப கொடு"ன்னான். வேணாம்டா வேணாம்டான்னு ஏதோ சொல்லி வெச்சுட்டேன். அவன் எதுக்குக் கூப்பிட்டான்னு கேட்கவே இல்ல. இன்னிவரைக்கும்.

#4

எல்லாரும் உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறீர்கள். கொஞ்சம் அறிவியலையும் பாருங்கள். 2022-ல் பெக்கி லியு குழுவினர் 5,900-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு இருக்கிறது. திடீரென்று தொடர்புகொண்டால் அந்த மனிதர் எவ்வளவு மகிழ்வார் என்பதை நாம் எப்போதும் குறைத்தே கணக்குப் போடுகிறோமாம். எதிர்பாராததாக இருந்தால் மகிழ்ச்சி இன்னும் கூடுகிறது. 2024-ல் லாரா அக்னின், கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் செய்த ஆய்வு அதைவிட வேடிக்கை: பேச ஆசை இருக்கிறது, நம்பர் இருக்கிறது, மெசேஜையும் எழுதி முடித்தாயிற்று, அப்படியும் அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு முன் மூன்றே நிமிடம், இப்போது பழகும் நண்பர்களுக்கு மெசேஜ் அனுப்பிக் கை பழகிக்கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே முதல் நண்பருக்கு: போன் வேண்டாம், எழுதுங்கள். "எப்படி இருக்கிறாய்" என்று தொடங்காதீர்கள், அதற்கு "நலம்" தவிர வேறு பதில் கிடையாது. அந்தச் சட்டைக் கதையிலிருந்து தொடங்குங்கள். ஏன் இத்தனை வருடம் பேசவில்லை என்று விளக்கம் கேட்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். ஒரே அழைப்பில் பழைய நெருக்கம் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நெருங்கிய நட்பு உருவாக ஏறத்தாழ 200 மணி நேரமாவது சேர்ந்து கழிக்க வேண்டும் என்று ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018-ல் எழுதினார். ஹாஸ்டலில் அது சில வாரங்களிலேயே நடந்துவிடும். இப்போது 11 நிமிடம் வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூன்றாவது நண்பருக்கும் சொல்ல நிறைய இருக்கிறது, நாளை எழுதுகிறேன்.

என் அனுபவம்: 2019-ல் என் நண்பனுக்கு இதே முறையில் ஒரு பக்கம் எழுதினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது.

#5

சார், இதைத்தானே முதல்ல சொல்லியிருக்கணும்! ஆய்வை விடுங்க, அந்தக் கட்டைவிரலைப் பத்தி எழுதுங்க.

என்னுது சின்னது. ஒரு கான்ஃபரன்ஸ்ல பக்கத்து பக்கத்து நாற்காலியில ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ரெண்டு பேருக்கும் அடையாளம் தெரியல. அவன் தும்மினான். எப்பவும் போல மூணு தும்மல், மூணாவதுக்கு முன்னாடி ஒரு நீண்ட இடைவெளி. திரும்பாமலே பட்டப்பேரைச் சொன்னேன்.

#1

தும்மல் சூப்பர்.

#4 சார், நீங்க சொன்ன மாதிரியே சட்டையில ஆரம்பிச்சு டைப் பண்ணேன். "டேய், அந்த நீலச் சட்டை" வரைக்கும் வந்துட்டேன். அனுப்பல. அந்த மூணில் ரெண்டு பங்குல நானும் ஒருத்தன்.

#2

மூணாவதா எழுதினவரே, சொல்லிடுங்கன்னு சுலபமா சொல்லிட்டீங்க. நானும் மறுபடி சந்திச்சப்போ சொல்லணும்னுதான் போனேன். அவ வீட்டுக்கு. கதவைத் திறந்தது அவ பொண்ணு, பத்து வயசு இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்துட்டு உள்ள திரும்பி, "அம்மா, ட்ரிப்ஸ் ஆன்ட்டி வந்திருக்காங்க"ன்னு கத்துச்சு.