காற்று, அலை, தீ: எச்சரிக்கைகளைப் படிக்க உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நான் சென்னையின் ஊரூர் குப்பத்தில் வசிக்கிறேன். என் தம்பி ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான் என்பதால், கோடையிலும் அவன் தொழில் நிற்பதில்லை.

வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையில் 'மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் சூறைக்காற்று' என்று வரும்போது, அது கரையிலிருந்து எவ்வளவு தூரத்துக்குப் பொருந்தும் என்பது எங்களுக்குப் பிடிபடுவதில்லை. அதைவிடக் குழப்புவது, முன்னறிகுறி இல்லாமல் திடீரெனக் கரையேறும் கள்ளக்கடல் அலை. சென்ற ஆண்டு காற்றே இல்லாத ஒரு காலையில், மேடேற்றி வைத்திருந்த படகு வரை அலை ஏறி வந்து, வலை முழுவதும் மணலை நிரப்பிவிட்டுப் போனது. அதை உதறி உலர்த்தவே இரண்டு நாளாயிற்று. தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலில் வீசிய காற்று எழுப்பிய அலை, நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேர்கிறது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) அறிவிப்பில் அலையின் உயரத்தோடு, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்குமான இடைவெளியும் நொடிக்கணக்கில் தரப்படுகிறது. எத்தனை நொடியைத் தாண்டினால் படகை இன்னும் மேலே இழுக்க வேண்டும்?

இன்னொரு கவலையும் உண்டு. கடற்காற்று தாமதமாகி மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும் நாட்களில் குப்பைமேட்டிலும் காய்ந்த புல்லிலும் தீ எளிதில் பரவுகிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு எரிந்தபோது, அருகில் வசிக்கும் என் அக்கா ஈரத்துணியைச் சன்னலில் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். அத்தகைய நாட்களை முன்கூட்டியே அறிய வழி உண்டா?

விவரம் தெரிந்தவர்கள் தமிழில் எழுதினால், அதை ஒரே தாளில் அச்சிட்டு எங்கள் குப்பத்தில் ஒட்டிவைப்பேன்.