வீட்டிலுள்ள ஓவியத்தை விற்கக் கொடுக்கும்போது “கைக்கு இவ்வளவு வந்தால் போதும்” என்று டீலரிடம் சொல்லலாமா? மூவர் சொல்லும் பதில்:

பழைய கேன்வாஸ்:
வேண்டாம். 40 லட்சம் வந்தால் போதும் என்று ஒப்புக்கொண்டால், அவர் 60-க்கு விற்றாரா, 90-க்கு விற்றாரா என்று கேட்கும் வாயை நாமே அடைத்துக்கொள்கிறோம். லண்டனில் 2010-ல் தீர்ப்பான அக்சிடியா (உரிமையாளர்) – டிக்கின்சன் (டீலர்) வழக்கின் மையமே இதுதான். லியோனார்டோ வரைந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு சித்திரம். வாங்கியவர் 70 லட்சம் டாலர் கொடுத்தார். விற்றவர் தரப்புக்குப் போனது 60 லட்சம்தான். நெட் விலை (உரிமையாளர் கைக்கு இவ்வளவு, மீதி டீலருக்கு) பேசுவது தொழில் வழக்கம் என்று டீலர் தரப்பு வாதாடியது, எடுபடவில்லை.

இந்தியாவில் 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 216-ம் பிரிவு கைகொடுக்கும்: உரிமையாளருக்குத் தெரியாமல் ஏஜென்ட் தன் கணக்கில் வியாபாரம் செய்தால், அந்த லாபத்தை உரிமையாளர் கேட்கலாம். ஆனால் நெட் விலைக்கு நாமே கையெழுத்துப் போட்டுவிட்டு “தெரியாமல்” என்று எப்படிச் சொல்வது?

ஆகவே கமிஷனைச் சதவீதமாக எழுதுங்கள். எதற்குக் கீழே விற்கக் கூடாது, பணம் வந்த எத்தனை நாளில் உங்கள் கணக்குக்கு வர வேண்டும், இடையில் இன்னொரு டீலர் நுழைந்தால் அவர் பங்கை யார் தருவது என்பதெல்லாம் அதே தாளில் இருக்கட்டும். வாங்குபவர் பெயரைக் காட்ட மாட்டார்கள். பெயரை மறைத்த பில் நகலாவது கேளுங்கள்.

பிரேம்கடை:
படம் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் போட்டோ எடுங்கள்: முன்பக்கம், கையெழுத்து, நாலு ஓரம், கட்டாயம் முதுகு. பழைய கண்காட்சிச் சீட்டு, கடை முத்திரை எல்லாம் முதுகில்தான் இருக்கும். புது அட்டை அடிக்கிறேன் என்று அதைக் கிழித்துக் குப்பையில் போடும் கடைகள் உண்டு. படம் எந்தக் கை மாறி வந்தது என்பதற்கான சாட்சி அதோடு போச்சு.

பபிள் ரேப்பை நேராகப் பெயின்ட் மேல் சுற்றாதீர்கள். வெயிலில் வண்டிக்குள் கிடந்தால் குமிழ் தடம் வட்டவட்டமாக வார்னிஷில் பதிந்துவிடும். முதலில் கிளாஸின் பேப்பர் (வழவழப்பான மெல்லிய தாள்), அதற்கு மேல் பபிள். இருக்கும் கீறல், வெடிப்பு அத்தனையும் எழுதி நீங்களும் டீலரும் கையெழுத்திட வேண்டும். விற்காமல் திரும்பும் படத்தில் புது வெடிப்பு இருந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

ரவிவர்மா என்று சொன்னால் முதலில் 10 மடங்கு லென்ஸ். 1894-ல் தொடங்கிய அவர் அச்சகத்தின் ஓலியோகிராப்கள் (எண்ணெய் ஓவியம் போலவே அச்சடித்த வண்ணப் படங்கள்) நம் பக்கத்து வீடுகளில் ஏராளம். செட்டிநாட்டில் ஜரிகை, சமிக்கி ஒட்டியே வைத்திருப்பார்கள். கன்னத்தைப் பாருங்கள். பொடிப்பொடியாகப் புள்ளி தெரிந்தால் அச்சு. கேன்வாஸ் நெசவு மாதிரி அழுத்தம் கொடுத்ததும் உண்டு, தடவிப் பார்த்து ஏமாறாதீர்கள். (அச்சுக்கும் விலை உண்டு, ஆனால் அந்த விலை வேறு.)

கணக்கர்:
ரவிவர்மா, அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ், மூன்று தாகூர்கள் (ரவீந்திரநாத், அபனீந்திரநாத், ககனேந்திரநாத்), ரோரிக், சைலோஸ் முகர்ஜி: இந்த ஒன்பது பேரின் படைப்புகளை 1972-ம் வருடத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. உள்நாட்டில் விற்கலாம். “வெளிநாட்டுப் பார்ட்டி காத்திருக்கிறார்” என்று டீலர் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். நூறு வருடம் தாண்டிய ஓவியம் என்றால் டீலரிடம் தொல்பொருள் விற்கும் உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டுச் சாமான் என்று சொல்லி, விற்ற லாபத்தின் மேலான வரியிலிருந்து தப்பிக்க முடியாது. அந்த விலக்கு ஓவியங்களுக்கு 2008-லேயே போய்விட்டது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்டகால ஆதாயம், 2024 ஜூலை 23 முதல் அதற்கு வரி 12.5 சதவீதம். பரம்பரைச் சொத்தென்றால் முந்தைய உரிமையாளர் வைத்திருந்த காலமும் சேரும். 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கியதென்றால், வாங்கிய விலைக்குப் பதில் 2001 ஏப்ரல் 1-ன் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மதிப்பீட்டுச் சான்று வாங்கி வையுங்கள். விலையை ரொக்கமாக இரண்டு லட்சமோ அதற்கு மேலோ வாங்கினால் அபராதம் படம் வாங்கியவருக்கல்ல, பணம் வாங்கிய உங்களுக்கு.

பழைய கேன்வாஸ்:
டீலர் விற்றுவிட்டுப் பணம் தராவிட்டால் படத்தைத் திருப்பி வாங்கலாமே என்று பலர் நினைக்கிறார்கள். சரக்கு விற்பனைச் சட்டம் 27-ம் பிரிவு குறுக்கே நிற்கும். நீங்களே ஒப்படைத்த படத்தை டீலர் வழக்கமான வியாபார முறையில் விற்று, வாங்கியவரும் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால் படம் அவருடையது. உங்களுக்கு டீலர் மேல் பணக்கடன் மட்டும் மிஞ்சும். அதனால் முழுப் பணமும் வரும்வரை படத்தை வாங்கியவரிடம் கொடுக்கக் கூடாது என்று எழுதுங்கள். 90 நாள் கெடு போட்டு, முடிந்ததும் டீலர் செலவிலேயே படம் திரும்ப வேண்டும் என்றும் சேருங்கள்.